வாசகர் கேள்வி–பதில்: மைக் இல்லாத மேடையில் பிரிட்டி யெண்டே

2023 மே 6 அன்று லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் மூன்றாம் சார்லஸ் மன்னரின் முடிசூட்டு விழா நடந்தது. அதில் தனித்துப் பாடியவர்களில் ஒருவர் தென்னாப்பிரிக்க சோப்ரானோ (மிக உயர்ந்த பெண் குரல் வகையில் பாடுபவர்) பிரிட்டி யெண்டே. அவரைப் பற்றியும், கதையைப் பாட்டாகவே நடத்தும் மேலை இசை நாடகமான ஓபராவைப் பாடும் முறை பற்றியும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே.

விமான விளம்பரம் ஒன்றைக் கேட்டுத்தான் அவர் ஓபராவுக்கு வந்தார் என்கிறார்கள். ஒரு விளம்பரம் ஒருவரைப் பாடகியாக்கிவிடுமா?
— வாசகி, திருச்சி

விளம்பரம் உண்மைதான். அவர் பிறந்தது 1985-இல், தென்னாப்பிரிக்காவின் கிழக்கே பீட் ரெட்டீஃப் என்ற சிறிய ஊரில். வளர்ந்தது அதை ஒட்டி, இன ஒதுக்கல் காலத்தில் கறுப்பின மக்களுக்கென்று ஒதுக்கப்பட்ட தாண்டுகுகான்யா குடியிருப்பில். 16 வயதில் வீட்டுத் தொலைக்காட்சியில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் விளம்பரம் ஓடியது. அதன் பின்னணியில் இரண்டு பெண் குரல்கள் பின்னிப் பின்னிச் சென்றன. மறுநாள் பள்ளியில் ஆசிரியரிடம் போய் அது என்ன என்று கேட்டார். ஓபரா என்று பதில் வந்தது. மனிதக் குரலால் முடிகிற காரியமா அது என்று தான் கேட்டதை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அதுவரை அவர் படிக்க நினைத்திருந்தது கணக்கியல்.

அந்த ஒரு நிமிடத்துக்கு முன்னால் என்ன இருந்தது என்பதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். பாட்டி சொல்லிக்கொடுத்த தேவாலயப் பாடல்களைச் சின்ன வயதிலிருந்தே பாடியவர் அவர். தென்னாப்பிரிக்கக் கறுப்பினக் குடியிருப்புகளில் கூட்டுப்பாடல் என்பது ஊர்ப் பழக்கம். பள்ளி, தேவாலயம், தொழிற்சாலை என எல்லாவற்றுக்கும் ஒரு பாடல் குழு உண்டு. நான்கு குரல் வகைகளாகப் பிரிந்து, ஹேண்டல் இசையமைத்த மெசையா என்ற கிறிஸ்தவ இசைப் படைப்பிலிருந்து பகுதிகளைப் போட்டிகளில் பாடுவார்கள். பாட்டை எழுதிவைப்பது ஐந்து கோட்டு மேலைக் குறிமுறையில் அல்ல. 19-ஆம் நூற்றாண்டில் மிஷன் பள்ளிகள் கொண்டுவந்த டானிக் சோல்ஃபா முறையில். டோ, ரே, மி என்ற ஸ்வரப் பெயர்களின் முதலெழுத்துகளை வரிசையாக எழுதி, இடையில் புள்ளியும் கோடும் போட்டுக் காலத்தைக் காட்டுவார்கள். டோ எந்தச் சுருதியிலும் நிற்கலாம். நம் ஷட்ஜம் இடம் மாறுவது போலத்தான்.

இந்தப் பயிற்சியின் பலம் காதில் இருக்கிறது. பக்கத்தில் நிற்பவர் வேறு ஸ்வரம் பாடும்போது தன் ஸ்வரத்தை விடாமல் பிடித்து நிற்பதைப் பியானோ உதவியே இல்லாமல் பழகிவிடுவார்கள். பலவீனமும் உண்டு. சோல்ஃபா தாளில் பெரும்பாலும் குரல்களின் வரி மட்டுமே இருக்கும், வாத்தியங்கள் வாசிப்பது இருக்காது. ஓபராவிலோ பதினாறு தாளச் சுற்றுகள் வாத்தியம் மட்டும் வாசித்து, பதினேழாவதில் பாடகி நுழைய வேண்டியிருக்கும். அதனால் இசைக் கல்லூரிக்குப் போகும் குழுப் பாடகர்கள் முதலில் கோட்டுக் குறிமுறையையும் ஓய்வுகளை எண்ணும் பழக்கத்தையும் பிடித்தாக வேண்டும். யெண்டே படித்தது கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் இசைக் கல்லூரியில், விர்ஜினியா டேவிட்ஸ் என்ற ஆசிரியரிடம். பிறகு மிலானில் லா ஸ்காலா அகாடமி.

அந்த விளம்பரப் பாட்டு இந்தியாவைப் பற்றியது என்று கேள்விப்பட்டேன். சரியா?
— வாசகர், புதுச்சேரி

சரி. லியோ டெலீப் இசையமைத்து 1883-இல் பாரிஸில் அரங்கேறிய லக்மே என்ற பிரெஞ்சு ஓபராவில் வருவது அது. கதை நடப்பது ஆங்கிலேயர் ஆண்ட இந்தியாவில். நீலகண்டன் என்ற பிராமணப் பூசாரியின் மகள் லக்மே. அவளும் பணிப்பெண் மல்லிகாவும் ஆற்றங்கரைக்குப் பூப்பறிக்கப் போகிறபோது பாடும் இணைப்பாட்டு அது. வரிகளில் மல்லிகையும் ரோஜாவும் வருகின்றன. கடைசியில் ஆங்கிலேய அதிகாரியின் மீதான காதலில் லக்மே ஊமத்தை தின்று சாகிறாள்.

அதே ஓபராவில் 'மணிப் பாட்டு' என்று அழைக்கப்படும் தனிப்பாட்டும் உண்டு. காட்டில் தனியே போகும் ஒரு 'பாரியா' பெண், விலங்குகளால் சூழப்பட்ட ஓர் அந்நியனைத் தன் கையிலுள்ள கோலின் மணிகளை ஒலித்துக் காப்பாற்றுகிறாள். அவன் விஷ்ணு என்று தெரிகிறது. பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் ஒதுக்கப்பட்டவர் என்ற பொருளில் வழங்கும் அந்தச் சொல், பறையர் என்ற தமிழ்ச் சொல்லிலிருந்து போர்த்துகீசியர் வழியாக ஐரோப்பாவுக்குப் போனது. ஒரு சமூகத்தின் பெயரை இழிசொல்லாக்கிப் பரப்பிய அதே ஐரோப்பா, தன் மிகக் கடினமான சோப்ரானோ பாட்டுகளில் ஒன்றில் அந்தப் பெண்ணைக் கடவுளைக் காப்பாற்றுபவளாக நிறுத்தியிருக்கிறது. விஷ்ணுவைப் பிரம்மாவின் மகன் என்று எழுதியிருப்பது பாடலாசிரியர்களின் பிழை.

நான் 5 கட்டை சுருதியில் பாடுகிறேன். ஒரு சோப்ரானோ எனக்கு எவ்வளவு மேலே போவார்? அதே பாட்டை அவர்களும் கட்டை குறைத்துப் பாடலாமா?
— வாசகி, மயிலாப்பூர்

5 கட்டையில் உங்கள் மத்யம ஸ்தாயி ஷட்ஜம் ஏறக்குறைய 196 ஹெர்ட்ஸ். மேல் ஷட்ஜம் 392, மேல் பஞ்சமம் 587. பெரும்பாலான கச்சேரிகளில் அதைத் தாண்ட வேண்டிய தேவை இல்லை. சோப்ரானோவின் 'ஹை சி' 1,047 ஹெர்ட்ஸ். உங்கள் கணக்கில் சொன்னால், மேல் ஷட்ஜத்துக்கு மேலே இன்னொரு ஷட்ஜத்தைத் தொட்டு, அதற்கும் மேலே சுத்த மத்யமத்தில் நிற்பது. மணிப் பாட்டின் உச்சம் அதையும் தாண்டி சதுச்ருதி தைவதம், 1,319 ஹெர்ட்ஸ்.

கட்டை குறைக்கும் வழக்கம் ஓபராவில் அநேகமாக இல்லை. அறுபது பேர் வாசிக்கும் வாத்தியக் குழுவுக்கு எல்லாம் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. அரிதாக ஓரிரு பாட்டுகளை அரை ஸ்வரம் இறக்குவதுண்டு. அதனால் அங்கே பாடகர் சுருதியைத் தேர்ந்தெடுப்பதில்லை, வேடத்தைத் தேர்ந்தெடுக்கிறார். இந்தத் தேர்வில் தப்பு செய்தால் குரல் போகும். கீழே ஒரு பதிலில் இதற்குத் திரும்ப வருகிறோம்.

3,800 பேர் உட்காரும் அரங்கில் மைக் இல்லாமல் எப்படிக் கேட்கிறது? கேட்டாலும் வார்த்தை ஏன் புரிவதில்லை?
— வாசகர், கோவை

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அரங்கின் அளவு அதுதான். அங்கே பலத்தால் வெல்ல முடியாது. வாத்தியக் குழுவோடு கத்திப் போட்டியிடும் பாடகருக்கு இரண்டாம் அங்கத்தில் குரல் கட்டிக்கொள்ளும்.

வாத்தியக் குழுவின் ஒலிச் சக்தி அதிகமாக இருப்பது 500 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில். 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் போனால் அது வெகுவாகக் குறைந்துவிடும். பயிற்சி பெற்ற பாடகர் குரல்வளையைச் சற்றுக் கீழே தளர்த்தி, அதற்கு மேலே உள்ள சிறிய குழலைக் குறுக்கி, தொண்டையின் பின்பகுதியை அகலமாக வைத்துப் பாடும்போது சரியாக அந்த 3,000 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில் ஒலி குவிகிறது. மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பதும் அதே வட்டாரத்தில். ஆக, அவர் வாத்தியங்களின் மேலே ஏறிப் பாடுவதில்லை. அவை காலியாக விட்ட சந்தில் பாடுகிறார். இது ஆண் குரல்களுக்கும், பெண் குரலின் கீழ்ப் பகுதிக்கும்.

சோப்ரானோ உச்சத்துக்குப் போகும்போது கணக்கு வேறு. 'ஈ' என்ற உயிரொலியை 'ஈ'யாகக் கேட்க வைப்பது வாய்க்குழியின் முதல் அதிர்வு, சுமார் 300 ஹெர்ட்ஸ். 'ஆ'வுக்கு அது 800 முதல் 1,000 வரை. பாடும் ஸ்வரமே 900 ஹெர்ட்ஸில் இருந்தால், 'ஈ'க்குரிய 300-இல் ஒலியே கிடையாது. எனவே பாடகி ஸ்வரம் ஏற ஏறத் தாடையைத் திறந்து, வாய்க்குழியின் அதிர்வைப் பாடும் ஸ்வரத்தோடு ஒட்டிக் கொண்டுபோகிறார். ஒலி பல மடங்கு பெருகுகிறது, உயிரொலிகள் எல்லாம் 'ஆ'வாகக் கரைகின்றன. இது உச்சரிப்புக் குறை அல்ல, இயற்பியல். நல்ல இசையமைப்பாளர்கள் முக்கியமான வார்த்தையைக் கீழேயே சொல்லவைத்துவிட்டு, உச்சத்தில் ஏற்கெனவே கேட்ட வார்த்தையையே திரும்ப வைப்பார்கள்.

சர்வதேசப் போட்டிகளில் என்ன பாடச் சொல்வார்கள்? அவர் எதில் வென்றார்?
— வாசகர், யாழ்ப்பாணம்

2009-இல் வியன்னாவின் பெல்வெடேர் போட்டியில் ஓபரா, ஓபரெட்டா (இலகுவான சிறு ஓபரா) இரண்டிலும் முதல் பரிசு. 2011-இல் மாஸ்கோவில் நடந்த ஓபராலியாவில் பெண்களுக்கான முதல் பரிசு. அது பிளாசிடோ டொமிங்கோ 1993-இல் தொடங்கிய போட்டி.

பொதுவாக நான்கைந்து தனிப்பாட்டுகளின் பட்டியல் தர வேண்டும். இத்தாலியம், பிரெஞ்சு, ஜெர்மன் என மொழிகளும், மோட்ஸார்ட் தொடங்கிப் பிற்காலம் வரை காலங்களும் கலந்திருக்க வேண்டும். முதல் சுற்றுகள் பியானோவோடு, இறுதிச் சுற்று முழு வாத்தியக் குழுவோடு. முதல் பாட்டு பெரும்பாலும் பாடகரின் தேர்வு, அடுத்தது நடுவர் சொல்வது.

பலர் கோட்டை விடுவது இந்த இரண்டாவது பாட்டில்தான். மின்னுகிற பாட்டு ஒன்றை மட்டும் உருட்டி உருட்டித் தயார் செய்துவிட்டு, மற்ற நான்கையும் இட்டு நிரப்பியிருப்பார்கள். நடுவர் வேண்டுமென்றே மெதுவான மோட்ஸார்ட்டைக் கேட்பார். அலங்காரம் இல்லாத நீண்ட வரியில் மூச்சின் நடுக்கம் அப்பட்டமாகத் தெரியும். இன்னொரு தவறு, பியானோவோடு பழகிய வேகத்தையே வாத்தியக் குழுவிடமும் எதிர்பார்ப்பது. பியானோக்காரர் பாடகியின் மூச்சைப் பார்த்து நிற்பார். அறுபது பேர் குழு நிற்காது. எங்கே நீட்டப்போகிறோம் என்பதை வாத்தியக் குழுவை நடத்துபவரிடம் ஒத்திகையில் சொல்லிவிட வேண்டும்.

மெட்ரோபாலிட்டனில் ஒரு வாரத்தில் ஒரு முழு வேடத்தைக் கற்று மேடையேறினார் என்பது நம்பும்படியாக இல்லையே?
— வாசகி, சிங்கப்பூர்

நடந்தது. இத்தாலிய இசையமைப்பாளர் ரோஸினியின் லெ கோந்த் ஓரி என்ற ஓபரா அது. அடேல் என்ற கோமாட்டி வேடத்தைப் பாடவேண்டியவர் விலக, யெண்டேயை அழைத்தார்கள். ஏறக்குறைய ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டு 2013 ஜனவரி 17-இல் மேடையேறினார். உடன் பாடியவர் உலகின் முதல்நிலை டெனர்களில் (உயர்ந்த ஆண் குரல் பாடகர்களில்) ஒருவரான ஹுவான் டியேகோ ஃப்ளோரெஸ். முதல் நுழைவிலேயே படிக்கட்டில் கால் இடறி விழுந்தார். எழுந்தார், பாடினார். முடிவில் அரங்கம் எழுந்து ஆர்ப்பரித்தது.

அவசரமாக வேடம் கற்பவர்கள் கடைப்பிடிக்கும் முறை ஒன்று உண்டு. முதல் நாள் பாடுவதே இல்லை. பியானோச் சுருக்கப் பிரதியை வைத்துக்கொண்டு, தன் வரிகளை வண்ணமிட்டு, ஒவ்வொரு பிரெஞ்சுச் சொல்லின் மேலும் பொருளைப் பென்சிலால் எழுதுவார்கள். தன் வரிக்கு மட்டும் அல்ல, தன்னோடு பேசுபவர் வரிக்கும். அடுத்து, ராகம் இல்லாமல் சொற்களைத் தாளத்தில் பேசிப் பழகுவது. நாக்கு தடுக்கும் இடங்கள் இங்கேயே தெரிந்துவிடும். பிறகுதான் ஸ்வரம், அதுவும் பாதி வேகத்தில். வேகமான பிருகாக்களை முதலில் சமமாக, பிறகு குட்டை–நெட்டையாக, பிறகு நெட்டை–குட்டையாகப் பாடி, தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமின் வேகத்தை நான்கு நான்காக ஏற்றுவார்கள். மூச்சு எடுக்கும் இடங்களை முதல் நாளே குறித்துவிட வேண்டும். வேகம் கூடிய பிறகு மாற்றினால் உடம்பு பழைய இடத்திலேயே மூச்சுக்கு நிற்கும்.

முழுக் குரலில் பாடுவது ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நல்லது. மீதி நேரம் ஒரு ஸ்தாயி கீழே, மெல்லிய குரலில் பாடிப் பழகுவார்கள். ஒத்திகையில்கூட இப்படிப் பாடுவதை யாரும் தவறாக நினைப்பதில்லை. உச்ச ஸ்வரத்தை முதல் நாளே இருபது முறை அடித்துப் பார்ப்பவருக்கு மேடையேறும் நாளில் அது இருக்காது.

மிகக் கடினம் தனிப்பாட்டு அல்ல, கூட்டாகப் பாடும் இடங்கள். இந்த ஓபராவின் இரண்டாம் அங்கத்தில் இருட்டறையில் மூவர் பாடும் பகுதி ஒன்று இருக்கிறது. யார் யாரைத் தொடுகிறார்கள் என்பதே தெரியாத குழப்பம்தான் காட்சி. மற்ற இருவரின் வரியையும் மனப்பாடம் செய்யாமல் அதில் நுழைய முடியாது. பியானோவில் உட்கார்ந்து மற்ற வேடங்களைப் பாடிக்காட்டும் பயிற்றுநர் ஒருவர் தினமும் கூட இருப்பார். ஒலிப்பதிவைக் கேட்டு மனப்பாடம் செய்வது வேகமாகத் தோன்றும், ஆனால் பதிவில் பாடியவரின் மூச்சும் பிழையும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். இதில் எதுவும் ஒரு வாரத்தில் கற்ற வித்தை அல்ல. ரோஸினியின் நடை அவர் தொண்டையில் முன்பே ஏறியிருந்தது. புதிதாகக் கற்றது வரிகளைத்தான்.

கறுப்பினப் பாடகர்களுக்குத் தென்னாப்பிரிக்க ஓபரா அரங்குகள் எப்போது திறந்தன?
— வாசகர், மதுரை

கேப் டவுனின் நிக்கோ மாலான் அரங்கு 1971-இல் திறந்தபோது வெள்ளையருக்கு மட்டுமே. 1975-இல்தான் மற்றவர்களுக்கும் அனுமதி கிடைத்தது. இன்று அதன் பெயர் ஆர்ட்ஸ்கேப். ஆனால் மற்றவர்கள் அதற்காகக் காத்திருக்கவில்லை. கேப் டவுனில் கலப்பினச் சமூகத்தினரின் ஈயோன் குழு 1956-லேயே நகர மண்டபத்தில் வெர்டியின் லா திராவியாத்தாவை முழு ஓபராவாக இத்தாலியத்தில் நடத்திவிட்டது. பாடியவர்களில் பலர் பகலில் வேறு வேலை பார்த்தவர்கள். 1994-க்குப் பிறகு கல்லூரிகள் குடியிருப்புப் பாடல் குழுக்களை நோக்கி வந்தபோது, அங்கே குரல்கள் தயாராகவே இருந்தன.

புகழ் வந்ததும் எல்லாப் பெரிய வேடங்களையும் பாட வேண்டியதுதானே? ஏன் தள்ளிப் போடுகிறார்கள்?
— வாசகர், ஈரோடு

குரல் தசைக்கு வயது உண்டு. யெண்டே தொடக்க ஆண்டுகளில் நின்றது ரோஸினி, பெல்லினி, டோனிஸெட்டி என்ற இத்தாலிய இசையமைப்பாளர்களின் பாதையில். அவற்றில் வாத்தியம் மெலிது, குரலுக்கு வேகமும் வளைவும் வேண்டும். லா திராவியாத்தாவின் வயலெட்டாவாக பாரிஸில் அவர் பாடியது 2019-இல், நியூயார்க் அறிமுகத்துக்கு ஆறு ஆண்டு கழித்து. வயலெட்டா முதல் அங்கத்தில் பிருகாக் குரலையும், இரண்டாவதில் நெகிழ்ந்த நடுக்குரலையும், மூன்றாவதில் சாகக் கிடப்பவளின் இழையையும் கேட்கிற வேடம்.

முப்பது வயதுக்குள் வாத்தியம் கனத்த வேடங்களை எடுப்பவர்களுக்கு முதலில் தெரிவது குரல் அசைவில். ஆரோக்கியமான குரல் நொடிக்கு ஐந்து முதல் ஏழு முறை அசையும். அழுத்திப் பாடப் பாட அது ஐந்துக்குக் கீழே இறங்கி, அகன்று, ஊசலாடத் தொடங்கும். அடுத்து மெல்லப் பாடும் திறன் போகும். உச்சம் கடைசியில்தான் போகும், அதனால் பலர் தாமதமாக உணர்கிறார்கள்.

வருமானம்?
— வாசகர், சேலம்

நிகழ்ச்சிக்கு இவ்வளவு என்று பேசுவார்கள். பல அரங்குகளில் வாரக்கணக்கான ஒத்திகைக்குத் தனிச் சம்பளம் கிடையாது. சளி பிடித்து ஒரு நாள் பாடாவிட்டால் அந்த நாளின் பணம் இல்லை. முகவருக்கு ஏறக்குறைய பத்து சதவீதம். பயணமும் தங்கும் செலவும் பல நேரம் சொந்தப் பணம். மாதச் சம்பளம் வேண்டுமென்றால் ஜெர்மனி. அங்கே அரசு மானியத்தில் இயங்கும் அரங்குகள் பல ஊர்களில் உண்டு. நிரந்தரக் குழுவில் சேர்ந்து ஆண்டு முழுக்கப் பாடலாம். ஆனால் கொடுக்கிற வேடத்தைப் பாட வேண்டும்.

என் மகளுக்கு 11 வயது. ஓபரா பாட ஆசைப்படுகிறாள். சென்னையில் எங்கிருந்து தொடங்குவது?
— வாசகி, தாம்பரம்

இப்போது ஓபரா பாட்டு வேண்டாம். பியானோ சேர்த்துவிடுங்கள், நல்ல கூட்டுப்பாடல் குழுவில் பாடவிடுங்கள். பெண் குழந்தைகளின் குரலும் 12 முதல் 15 வரை மாறும், காற்று கசிந்த மாதிரி ஒலிக்கும். அதை அழுத்திச் சரிசெய்ய முயன்றால் கெடுதல். தனிக்குரல் பயிற்சியை 15, 16 வயதில் தொடங்கினால் போதும். டிரினிட்டி, ஏபிஆர்எஸ்எம் என்ற பிரிட்டிஷ் அமைப்புகளின் இசைத் தேர்வுகளைச் சென்னையிலேயே எழுதலாம். ஏ.ஆர். ரஹ்மான் 2008-இல் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரியிலும் மேலைக் குரலிசை கற்றுத்தருகிறார்கள்.

மூச்சுக்கு இன்றே தொடங்கக்கூடிய பயிற்சி ஒன்று: நான்கு எண்ணும் வரை உள்ளே, நான்கு நிறுத்தி, நான்கு வெளியே. பிறகு ஐந்து, ஆறு. நிறுத்தும்போது தொண்டையை அடைக்கக் கூடாது, விலா எலும்புகள் விரிந்த நிலையில் நிற்க வேண்டும். தோள் ஏறினால் எண்ணிக்கையைக் குறையுங்கள்.

இத்தாலியத்தில் தமிழ்க் குழந்தைக்கு ஒரு வசதி இருக்கிறது. 'பத்து', 'பட்டு' என்று இரட்டை மெய்யை நாம் பிறவியிலேயே சொல்கிறோம். ஆங்கிலம் மட்டும் பேசுபவர்கள் இதற்கு மாதக்கணக்கில் உழைக்கிறார்கள். இத்தாலிய 't' நம் தகரம்தான், டகரம் அல்ல. கவனம் வேண்டியது 'p' ஒலிக்கும் 'b' ஒலிக்கும் உள்ள வேறுபாட்டில், தமிழில் இரண்டுக்கும் 'ப' ஒன்றுதான். நாம் சொல்லில் நிற்கும் இடத்தைப் பொறுத்து ஒலியை மாற்றிக்கொள்வோம். அங்கே மாற்றினால் பொருளே மாறும்.

குரல் கம்மினால் கிசுகிசுத்துப் பேசவிடாதீர்கள். பலர் அப்போது குரல்நாண்களை மேலும் இறுக்குகிறார்கள். பேசாமல் இருப்பதே மருந்து. இரண்டு மூன்று வாரத்தில் சரியாகாவிட்டால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் குரல்நாண்களைக் கேமரா வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஓபராவே கேட்டதில்லை. எதில் ஆரம்பிக்கலாம்?
— வாசகர், நாகர்கோவில்

யெண்டே ஆரம்பித்த அதே பூப்பறிக்கும் பாட்டில். ஐந்தாறு நிமிடம்தான். இயர்போனில் கேளுங்கள். முதல் முறை காது தானாக லக்மேயின் மேல் குரலுக்குப் போகும், விட்டுவிடுங்கள். இரண்டாம் முறை அவளுக்குக் கீழே அதே தாளத்தில் கைகோத்தபடி நடக்கும் மல்லிகாவை மட்டும் பிடித்துக்கொண்டு கடைசிவரை போங்கள். பாட்டின் முடிவில் இருவரும் மேடையைவிட்டு ஆற்றை நோக்கி நகர்ந்துகொண்டே பாடுகிறார்கள். குரல் தேய்வது அதனால்தான்.